இதர காரணங்கள்

பதினான்காம் கேள்விக்கு நான்கு கட்டங்கள்:
தனிமை. பொழுதுபோக்கு. கதை. இதர.
மூன்றே போதும் என்றது நிதி கொடுத்த குழு.
மன்றாடித்தான் நாலாவதை வாங்கினேன்.
வந்தவர் எல்லோரும் அதில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்,
நீகாத்தாவின் பனிக்காலத்தில்
ஒரே கணப்பைக் கண்டுவிட்ட பூனைகள் போல.

ஹோஷினா, ஐம்பத்தெட்டு, குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர்.
மறைக்க ஒன்றுமில்லை என்பதாகக்
கைப்பேசியை மேசைமேல் மல்லாத்தி வைத்தார்.
பிறகு கைக்குட்டையால் மூடினார்.
பள்ளி மொட்டைமாடி; ஒரு பெண் வாய் திறக்கப் போகிறாள்.
அந்த இடத்தில் முப்பத்தொரு முறை சேமித்திருக்கிறார்.
ஒருமுறைகூட அடுத்த பொத்தானை அழுத்தியதில்லை.
"சம்மதம் என்று சொல்லிவிட்டால் பெயர்ப்பட்டியல் ஓடும்.
இசையமைத்தவர், வண்ணம் தீட்டியவர், நன்றி.
அதோடு சரி. எனக்கென்ன அவசரம்?"

மிட்சுயோ விளையாடுவது காருக்குள்.
பேரங்காடி வாகன நிறுத்தத்தில், இருபது நிமிடம்,
பின்னிருக்கையில் உறைமீன் இளகத் தொடங்கும் வரை.
கணவருக்குத் தெரியும். "இந்த வாரம் யார்?" என்பாராம்,
நாளைக்கு மழையா என்று கேட்கிற குரலில்.
இந்த வாரம் ஒரு கப்பல் பொறியாளன்.
கேரட் பிடிக்காது என்று
மூன்றாம் அத்தியாயத்தில் இவள் சொன்னாள்.
பதினோராம் அத்தியாயத்தில்
அவன் வைத்த குழம்பில் கேரட் இல்லை.
"ஒன்று, சுழியம், அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா?
ஆனாலும் யாரோ உட்கார்ந்து யோசித்து
எழுதி வைத்திருக்கிறாரே."

அந்த யாரோவைத் தேடித் தோக்கியோ போனேன்.
குவாபாரா. நாலாம் மாடி. சன்னல் இல்லாத அறை.
'வந்துவிட்டாயா' என்பதை
அறுநூறு விதமாக எழுதிக் கொடுத்தவர்.
"கேரட்டா?" என்று வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.
"நினைவில்லை. கடைசி ரயிலுக்கு நேரமாகியிருக்கும்."
மிட்சுயோவிடம் இதைச் சொல்லவில்லை.
சொல்ல வேண்டும் என்று ஆய்வு நெறிமுறையில் எங்கும் இல்லை;
இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

நமேகாவாவுக்கு இருபத்தாறு.
அரிசி பிஸ்கட் ஆலையில் இரவு வேலை. திக்குவாய்.
தனிமை என்ற கட்டத்தைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்டினார்,
வாய் திறக்கத் தேவைப்படாதபடி.
ஒழுங்கான ஆள் என்று மகிழ்ந்துபோனேன்.
அட்டவணையில் ஒருவராவது
வரைந்த கோட்டுக்குள் விழுந்தாரே.

பிப்ரவரியில் ஒரு மாலை அழைத்தார்.
மூச்சு. அவர் தெருவில் பனி வாரும் வண்டி.
"ப... ப... பதி..."
பதினான்கு என்று நானே முடித்திருக்கலாம்.
எத்தனை பேர் முடித்திருப்பார்கள்,
அவர் வாயிலிருந்து பிடுங்கி.
அந்த விளையாட்டுகளில், நாம் பதிலைத் தேரும் வரை
எதிரே நிற்பவள் இமைத்துக்கொண்டு நிற்பாள்.
பின்னால் மழை பெய்துகொண்டே இருக்கும்,
அதே பத்து நொடி மழை.
நானும் நின்றேன்.
நாலு நிமிடம். ஒலிப்பதிவில் இருக்கிறது.

"அவள் பேசும்போது நானும் கூடவே பேசுவேன்.
அதே வரி, அதே வேகம்.
இன்னொரு குரலோடு சேர்ந்தால் எனக்குத் திக்காது.
அதில் எண்பது மணி நேரம் குரல் இருக்கிறது."

அப்படியானால் காதல்? என்று கேட்டேன்.
படிவத்தில் இல்லாத கேள்வி; கேட்டிருக்கக் கூடாது.
சிரித்தார். சிரிப்பில் திக்கல் இல்லை.
கதை சுமார்தான் என்றார்,
அந்தச் சுமாருக்கு மட்டும் அரை நிமிடம் எடுத்துக்கொண்டு.

தனிமைக்கு நேரே இருந்த குறியை அழித்தேன்.
'இதர'வுக்கு எதிரே ஒரு விரற்கடைக் கோடு விட்டிருந்தோம்.
போதவில்லை. தாளைத் திருப்பினேன்.

வீடு திரும்பும் பேருந்தில்
நிறுத்தங்களின் பெயர் சொல்லும் பெண்குரல்,
பதினேழு வருடமாக ஒரே குரல்.
யாரும் பார்க்காதபோது உதடசைத்தேன்.
முதல் நிறுத்தத்தில் முந்திவிட்டேன்.
அடுத்ததில் ஓர் அசை பிந்தியது;
அவள் நிற்கவில்லை.